நிலையைக் கழற்றி நுழைந்த தேக்கு சோபா

எனக்கு வாய் நீளம் என்று மெராப்பி மலையடிவாரத்தில் எங்கள் குடியிருப்பு முழுக்கத் தெரியும். ஆனால் தர்மியின் விஷயத்தில் மட்டும் மூன்று வருடம் போல வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். திறந்தால் முதலில் மாட்டிக்கொள்பவள் நான்தான்.

தர்மி என் பக்கத்து வீட்டுக்காரி. என்னைவிட ஆறு வயது இளையவள். கல்யாண வயதில் லஸ்த்ரி என்று ஒரு மகள். தர்மியின் புருஷன் பர்மின் அண்ணன் மிளகாய் பயிர் போடுகிறவர். சாதாரண நாளில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை. ஆனால் ஊரில் ஒரு மரணம் என்றால் அவர்தான் பேச வேண்டும். உடலை வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்குவதற்கு முன் வாசலில் நின்று, இறந்தவருக்காக எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்பார். பிறகு அந்த வாக்கியத்தைச் சொல்வார்: "இவர் யாருக்காவது கடன்பட்டிருந்தால், தயவுசெய்து குடும்பத்தாரிடம் வந்து சொல்லுங்கள்." பெரும்பாலும் அது ஒரு முறைக்குச் சொல்வது, அவ்வளவுதான். கடன் இருக்கும் வீட்டில் மட்டும், அந்த வாக்கியம் முடிந்ததும் கூட்டம் மொத்தமும் கடன் கொடுத்தவன் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். இருபது வருடமாக அந்தத் திரும்பலை முன்னால் நின்று பார்த்தவர் பர்மின் அண்ணன்.

அதனால்தானோ என்னவோ, அவருக்குக் கடன் என்றாலே ஆகாது. அப்படிப்பட்டவருக்கே அது வந்தது. ஒரு வருடம் மிளகாய் நன்றாகக் காய்த்தது, விலை செத்துவிட்டது. பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டுபடியாகாமல் செடியிலேயே பழுத்து வாட விட்டார். விதை, உரம், மருந்து என்று உரக்கடை ஜுமாதியிடம் அறுபது லட்சம் ரூபியா, ஒரு கூலி ஆளின் மூன்று மாதச் சம்பளம், நின்றுபோனது. ஜுமாதி கெட்டவனில்லை, வட்டி கேட்கவில்லை. கடைப்பக்கம் போகும்போது, "அடுத்த மாசம் பாப்பமாண்ணே?" என்பான். அதைக் கேட்டுவிட்டு அண்ணன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிட மாட்டார்.

அப்போது நான் பெண்கள் சீட்டு நடத்திக்கொண்டிருந்தேன். இருபது பேர், மாதம் மூன்று லட்சம். கண்ணாடித் தம்ளரில் பேர் எழுதிய சீட்டுகளைப் போட்டு, மேலே காகிதம் கட்டி, அதில் ஒரு ஓட்டை போட்டுக் குலுக்குவோம். எந்தப் பேர் வெளியே விழுகிறதோ அவளுக்கு அறுபது லட்சம். தர்மி ஒரு நாள் கொல்லைப்பக்கம் வந்து நின்றாள்.

"அக்கா, சீட்டு எனக்கு விழுந்தா ஜுமாதி கணக்க ஒரேயடியா முடிச்சிருவேன். இவரு மூஞ்சியப் பாக்க முடியலக்கா."

"விழணும்னு இருந்தா விழும், போடி" என்றேன். அதிகாரமாகத்தான் சொன்னேன். ஆனால் மனசு கேட்கவில்லை. மூன்றாம் மாதக் குலுக்கலுக்குப் பாக்கியிருந்த பதினெட்டுச் சீட்டிலும் தர்மி பேரையே எழுதினேன். திருட்டுத்தனம்தான். என் முப்பது வருட நாணயத்தை அந்தத் தம்ளருக்குள் போட்டுக் குலுக்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீட்டு விழுந்ததும் தர்மி ஓவென்று அழுதாள். கூட இருந்தவர்களெல்லாம் கை தட்டினார்கள்.

அடுத்த வாரமே அவள் வாசலில் லாரி வந்து நின்றது. உள்ளே தேக்கு சோபா செட். ஒரு நீளம், இரண்டு ஒற்றை, ஒரு மேசை. முதுகுப் பக்கம் முழுக்கக் கொடியும் பூவும் மயிலுமாகச் செதுக்கியிருந்தது. ஒவ்வொன்றும் ஒரு மாட்டு எடை. விலை தொண்ணூற்றைந்து லட்சம். சீட்டுப் பணம் முழுவதும் முன்பணம், மீதி பத்து மாதத் தவணை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த முறத்தோடு போனேன்.

"ஏன்டி, ஜுமாதிக்குக் குடுக்க வெச்ச பணம்தான இது? கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசையா உனக்கு?"

"லஸ்த்ரிய பொண்ணு கேக்க வர்றாங்கக்கா, வர்ற மாசம். பையனோட பெரியம்மா போன தடவ வந்து பாய்ல உக்காந்துட்டு என்ன சொல்லிட்டுப் போச்சு தெரியுமா? 'உக்கார ஒரு நாற்காலி இல்லாத வீட்டுலயா பொண்ணு எடுக்கறது'ன்னு. என் காதுபடச் சொல்லிச்சு."

"சொன்னா சொல்லிட்டுப் போறா! அவ உக்கார்றதுக்கு உன் புருஷன் தலைய அடகு வெப்பியா?"

'அந்தச் சீட்டு தானா விழலைடி, நான் விழ வெச்சது' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பத்தொன்பது பெண்கள் என் வீட்டு வாசலில் வந்து நிற்பார்களே! விழுங்கிவிட்டேன்.

பர்மின் அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லை. நீள சோபா வாசலில் நுழையவில்லை. எப்படிச் சாய்த்தாலும் இடித்தது. கடைசியில் அவரே சுத்தியலை எடுத்துவந்து கதவைக் கழற்றி, நிலையையும் பெயர்த்தார். எட்டுப் பேர் தூக்கி உள்ளே வைத்தோம். தூக்கிய ஆட்களுக்குத் தேநீரும் பலகாரமும் வாங்க அண்ணன் என் வீட்டுக்காரர் சுக்ரியிடம்தான் கைமாற்று வாங்கினார்.

"இப்ப எதுக்குண்ணே இது?" என்று சுக்ரி கேட்டதற்கு, "வந்துருச்சுல்ல, வெளியிலயா நிறுத்தி வெக்க முடியும்?" என்றார். பிறகு நிலையை மறுபடி வைத்து ஆணி அடித்தார்.

பெண் கேட்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா சோபாவில் பத்து நிமிடம் உட்கார்ந்தார், நெளிந்தார். "மயிலு முதுகுல கொத்துதுப்பா" என்று சிரித்துக்கொண்டே இறங்கி, பாயில் அண்ணன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள். அந்தப் பெரியம்மா வரவே இல்லை, கால்வலியாம்.

கல்யாணம் முடிந்து லஸ்த்ரி புருஷனோடு செமாராங் நகரத்துக்குப் போனதும் தர்மிக்குக் கண் திறந்தது. கடைக்காரனிடம் திருப்பிக் கொடுக்கப் போனாள். "பழசானா பாதி விலைகூடப் போகாதும்மா, தவணைய மட்டும் விட்றாதீங்க" என்று அனுப்பிவிட்டான். அதற்குப் பிறகு அவள் அந்த சோபாவில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தினம் துடைப்பாள். துடைத்துவிட்டு அதன் காலடியில் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள்.

ஜுமாதி கடன் அப்படியே நிற்க, தவணை வேறு, சீட்டுக்கு மாதம் கட்டுவது வேறு. பர்மின் அண்ணன் ஐம்பத்தொன்பது வயதில் ஆற்றில் லாரிக்கு மணல் ஏற்றப் போனார். சின்னப் பயல்களோடு மண்வெட்டி பிடித்தார். ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டில் தேநீர் குடிக்கும்போது என் வீட்டுக்காரரிடம் சொன்னார்:

"சுக்ரி, நான் போனா நீதான் வாசல்ல நின்னு பேசணும்."

"என்னண்ணே பேச்சு இது, வாய அலம்புங்க."

"இல்லடா, கேளு. அந்தக் கடன் வார்த்தைய நீ சொல்றப்ப யாரும் யாரையும் திரும்பிப் பாக்கக் கூடாது. அதுக்குத்தான் இந்த மண்வெட்டி."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். தர்மி அப்போது எங்கள் அடுப்படியில் இருந்தாள். அவளுக்கும் கேட்டது.

ஐந்தாவது தவணை கட்டிய வாரம், ஆற்றங்கரையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மணல் லாரியில்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது.

சாவு வீடென்றால் எங்கள் பக்கம் முதலில் செய்வது முன்னறையைக் காலி செய்வது. இறந்தவர் உடலைக் கிடத்த வேண்டும், வருகிறவர்கள் பாய் விரித்து உட்கார்ந்து குர்ஆன் ஓத வேண்டும். நாற்காலி, மேசை எல்லாம் முற்றத்துக்குப் போகும். ஒற்றை சோபாக்கள் எப்படியோ போயின. நீளம் போகவில்லை. ஆட்கள் இப்படியும் அப்படியும் திருப்பினார்கள். நேரம் போகிறது, மாலை அஸர் தொழுகைக்குள் அடக்க வேண்டும். கடைசியில் சுக்ரி சுத்தியலைக் கொண்டுவந்தார். பர்மின் அண்ணன் கையால் அடித்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். அடுப்படியில் உட்கார்ந்திருந்த தர்மி ஒவ்வொரு அடிக்கும் அதிர்ந்தாள். நான் அவள் காதைப் பொத்தினேன். என் கையைத் தட்டிவிட்டாள்.

"கேக்கட்டும்க்கா. நான் செஞ்சது. நான் கேக்கட்டும்."

சோபா முற்றத்தில் மாமர நிழலுக்குப் போனது. வந்த பெரியவர்களை அதில் உட்கார வைத்தார்கள். ஜுமாதி தாமதமாக வந்தான். அவனுக்கு மூட்டுவலி, தரையில் உட்கார முடியாது. எந்த முட்டாள் பயலோ அவனையும் கைபிடித்துக் கூட்டிப்போய் அந்த நீள சோபாவில், நட்டநடுவில் உட்கார வைத்தான்.

சந்தூக்கு வாசலுக்கு வந்தது. சுக்ரி எழுந்து நின்றார். அவருக்குப் பேசிப் பழக்கமில்லை. அண்ணன் சொல்லும் சொற்களையே ஒவ்வொன்றாக நினைவுபடுத்தித் திக்கித் திக்கிச் சொன்னார். மன்னிப்புக் கேட்டார். எல்லோரும் "மன்னித்தோம்" என்றார்கள். பிறகு அந்த வாக்கியம்.

"இவர் யாருக்காவது கடன்பட்டிருந்தால்..."

அவ்வளவுதான். முற்றம் முழுக்க ஒரே நேரத்தில் மாமரத்தைத் திரும்பிப் பார்த்தது. ஜுமாதி தலையைக் குனிந்துகொண்டான். அந்த இடத்தில் சொல்வது முறையில்லை, பிறகு வீட்டாரிடம்தான் வந்து சொல்ல வேண்டும். எனக்குப் பின்னால் ஒருத்தி மெல்ல, "உக்காந்திருக்கறதே அந்தக் கடன் மேலதான" என்றாள். அவளை அங்கேயே அறைந்திருப்பேன். சாவு வீடு, விட்டேன். தர்மியைப் பார்த்தேன். அவள் ஜுமாதியைப் பார்க்கவில்லை. கழற்றிய நிலை சுவரில் சாத்தியிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழாம் நாள் ஓதல் முடிந்தபின் ஜுமாதி தர்மியிடம் வந்தான். "பாதிய விட்டுர்றேன்க்கா, மீதிய முடிஞ்சப்ப குடுங்க" என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான்.

"வேணாம்ப்பா. நீ விட்டுரலாம். அவரு விட்டிருக்க மாட்டாரு. ஆயிரமாவது நாள் கடைசி ஓதலுக்குள்ள முழுசும் குடுத்துருவேன்."

சோபாவை மறுபடி உள்ளே விடவில்லை. இரண்டு மழை அதன் மேல் பெய்தது. மயிலின் மூக்குப் பக்கம் வெடித்துவிட்டது. பழைய சாமான் வாங்குகிறவன் முப்பது லட்சத்துக்குத் தூக்கிப்போனான். பாக்கித் தவணைக்கும் நாற்பதாம் நாள் சாப்பாட்டுக்கும் அது சரியாகிவிட்டது. ஜுமாதியின் அறுபது லட்சம் அப்படியே நின்றது.

அதிகாலையில் தர்மி சோயாவில் செய்த தெம்பே பொரித்துப் பள்ளிக்கூட வாசலில் விற்பாள். அங்கிருந்து நேராக யார் தோட்டத்துக்காவது மிளகாய் பறிக்கப் போவாள். நாளெல்லாம் குனிந்தால் எழுபதாயிரம் ரூபியா கூலி. லஸ்த்ரிக்குக் குழந்தை பிறந்தபோது மூன்றே நாள் இருந்துவிட்டு ஓடிவந்தாள். என் வீட்டுக் கறியைக்கூட வாங்க மாட்டாள். "கடன்காரி நாக்குக்கு ருசி எதுக்குக்கா" என்பாள். கேட்டால் எனக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வரும்.

ஜுமாதிக்குக் கடைசித் தவணை கொடுத்துவிட்டு வந்த நாள், அவள் அடுப்படியில் நான் தெம்பே நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் பொரித்துக்கொண்டே சொன்னாள்:

"அக்கா, ஒண்ணு சொல்லட்டா? அந்தச் சீட்டு விழுந்துச்சே, கடனுக்குன்னுதான் நானும் இருந்தேன். ஆனா இத்தன பேர்ல எனக்கு விழுந்ததும், ஆண்டவனே லஸ்த்ரிக்காகப் பாத்துக் குடுத்தான்னு தோணிச்சு. கடன்தான் மெதுவா அடையுமே, இது அவன் குடுத்த பரிசு, இதுல ஆசப்படலாம்னு நெனச்சுட்டேன்."

என் கையில் கத்தி நின்றுவிட்டது. இதற்கு மேலும் மறைத்தால் நான் மனுஷியே இல்லை.

"ஆண்டவன் இல்லடி. நான்தான். பதினெட்டுச் சீட்டுலயும் உன் பேரத்தான் எழுதினேன். கடன அடைக்கட்டும்னு."

அவள் கரண்டியோடு என் பக்கம் திரும்பிவிட்டாள். எண்ணெய் கருகும் வாசம் வந்தது. கருகிய துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போட்டாள்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

போன மாதம் ஆயிரமாவது நாள். முன்னறை முழுக்கப் பாய். ஓதி முடித்து எல்லோருக்கும் சோற்றுப் பொட்டலம் கொடுத்தாகிவிட்டது. ஆட்கள் எழப் போகும் நேரத்தில் தர்மி முன்னால் வந்து, என் வீட்டுக்காரரிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, அந்த வார்த்தைய இன்னொரு தடவ சொல்லுங்க."

சாவன்று சொல்வதை ஆயிரமாவது நாளில் யாரும் சொல்வதில்லை. சுக்ரி இமாமைப் பார்த்தார். இமாம் தலையாட்டினார். சுக்ரி எழுந்து சொன்னார்: "பர்மின் அண்ணன் யாருக்காவது கடன்பட்டிருந்தால், தயவுசெய்து குடும்பத்தாரிடம் வந்து சொல்லுங்கள்."

யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஜுமாதி சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், அவனை ஒரு கண்கூடத் தேடவில்லை.

தர்மி வாசலைப் பார்த்தாள். நிலையில் அந்தப் பழைய ஆணித் துளைகள் அப்படியே இருந்தன. அதற்கு அப்பால், இரண்டு வயல் தாண்டி, அவர் அடங்கியிருக்கும் இடம்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்கண்ணே" என்றாள். "அவருக்குக் கேக்கணும்."

சுக்ரி வாசலுக்குப் போய் நின்று, தொண்டை கிழியும்படி மறுபடி சொன்னார்.