தோளுக்கு மேலே போகாத கை

மஸ்தூரா அக்கா மார்கிலான் நகரத்தில் ரொட்டி சுடுபவர். அவருடைய தந்தூர் அடுப்பின் வாய் மார்பளவு உயரத்தில் இருக்கும். உள்ளே கையை விட்டு, மேல்வளைவில் மாவை அறைந்து ஒட்ட வேண்டும். ஜனவரியில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து வலது மேற்கை முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகும் கை தோளுக்கு மேலே போகவில்லை. அடுப்பு அணைந்தே கிடந்தது.

ஆஸ்பத்திரியில் பத்து நாள் பிசியோதெரபி எழுதிக் கொடுத்தார்கள். முழங்காலுக்காக நான் அவருக்கு அடுத்த கட்டிலில் கிடந்தேன். பிசியோதெரபி நர்ஸ் ஸெபோ சூடு தரும் சிவப்பு விளக்கைத் தோளுக்கு நேராகத் திருப்புவாள், மணல் கடிகாரத்தைக் கவிழ்ப்பாள், நாற்காலிக்குத் திரும்பித் தேநீர் குடிப்பாள். மணல் தீர்ந்தால் அடுத்த ஆள். ஒருவருடைய கையையும் காலையும் அவள் தொட்டதில்லை.

பத்தாம் நாள் எங்கள் அட்டைகளில் ‘தேறிவிட்டது’ என்று எழுதிவிட்டு, கருத்துத் தாள் கொடுத்தாள். எல்லோரும் ‘மிக நன்று’ என்று குறித்தோம். ஸெபோ எங்கள் தெருவுக்கு வாழ வந்தவள். மாலையில் அவளுடைய மாமியார் முகத்தில் விழிக்க வேண்டுமே.

மஸ்தூரா அக்கா பேனாவைத் தொடவில்லை. துணி முடிச்சை அவிழ்த்து ஒரு மாவு உருண்டையை எடுத்தார்.

“என்னக்கா இது?” என்றாள் ஸெபோ.

“கை தேறிடுச்சுன்னு எழுதி வச்சிருக்கியே. தேறின கையப் பாப்போம்.”

மாவைத் தட்டி, பின்புறம் தண்ணீர் தடவிச் சுவரில் அறைந்தார். தோள் உயரத்தில்தான் ஒட்டியது. பெயிண்ட் அடித்த வழுவழுப்பான சுவர். மாவு மெல்லக் கழன்றது.

எங்கள் ஊரில் ரொட்டி புனிதம்; அதன் மாவு தரையில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்க எங்களால் முடியாது. முழங்காலை மறந்து நானே கட்டிலிலிருந்து குதித்தேன். அதற்குள் ஸெபோ தேநீரைக் கொட்டிவிட்டுப் பாய்ந்து, இரண்டு கையாலும் ஏந்திவிட்டாள்.

“பலே! மாவுக்குப் பறந்து வர்ற. பத்து நாளா நான் கிடக்கேனே, எனக்காக அந்த நாற்காலிய விட்டு எந்திரிச்சியா?”

மூலைக் கட்டிலில் இருந்த கோஃபூர் மாமா, “விடும்மா, விளக்குச் சூடு நல்லாத்தானே இருந்துச்சு” என்றார்.

“சூடுதான் வேணும்னா என் அடுப்புப் பக்கம் வந்து உக்காருங்க மாமா. நீங்களும் வெந்துருவீங்க.”

ஸெபோவின் முகம் சிவந்தது. “ஒரு நாளைக்கு நாப்பது பேரு, அக்கா. நான் ஒருத்தி.”

“சரி, அதையும் எழுதுறேன்.”

இடது கையால் கோணல் கோணலாக எழுதினார்: ‘யாரும் கையைத் தொடவில்லை. நாற்பது பேருக்கு ஒரே ஆள். கை தோளுக்கு மேலே போகவில்லை.’ கீழே முழுப் பெயரையும் தெருவையும் எழுதினார்.

“நாளைக்கும் வருவேன். நாளன்னிக்கும் வருவேன். போகச் சொன்னா, பெரிய டாக்டர் ரூம் சுவத்துல மாவ ஒட்டுவேன்.”

ஸெபோ மாவைத் துணியில் மூடி மேசையில் வைத்தாள். கை கழுவிவிட்டு வந்து அக்காவின் முழங்கையைப் பிடித்தாள்.

“வலிக்கும்க்கா.”

“தூக்கு.”

கை இரண்டு விரல் அளவு மேலே போனது. அக்கா போட்ட கத்தலில் வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“நிறுத்தவா?”

“நிறுத்திப் பாரு!”

மேசையிலிருந்து என் தாளை எடுத்தேன். கோஃபூர் மாமா முறைத்தார். ‘மிக நன்று’ என்பதை அடித்துவிட்டு எழுதினேன்: ‘முழங்கால் இன்னும் மடங்கவில்லை.’