பின்சீட்டில் ஆள் இருந்தால் வரும் சத்தம்

எங்களுக்குக் கல்யாணம் ஆனபோதே அந்த வண்டி பழசு. என் வீட்டுக்காரர் கல்லூரியில் படித்தபோது வாங்கிய நூறு சிசி மோட்டார் சைக்கிள். மஞ்சக்குப்பத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டில் என் புடவைகளுக்கு ஒரு அலமாரி கிடைப்பதற்கு முன்பே அதற்கு வாசலில் நிழலான இடம், மேலே போர்த்த ஒரு தார்ப்பாய், துடைக்கத் தனியாக ஒரு பனியன் துணி எல்லாம் இருந்தன. அவருக்குச் சிதம்பரத்தில் ஆபீஸ். பஸ்ஸில் போகலாமே என்று யார் சொன்னாலும் காதில் வாங்காமல் தினமும் அதில்தான் போய் வந்தார்.

2009இல் அந்த வண்டி ஊளையிட ஆரம்பித்தது. மூன்றாவது கியர் விழுந்ததும் அடியிலிருந்து 'ங்ஙீ' என்று ஒரு சத்தம் கிளம்பும். வேகம் கூடக்கூட அதுவும் ஏறும். எனக்குப் பல்வலி என்று சொன்னபோது டி.வி.யைப் பார்த்துக்கொண்டே 'ம்' கொட்டிய மனிதர், வண்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, இன்ஜின்மேல் காதைச் சாய்த்துக் கேட்டார். ஒரு இரும்பின்மேல் பொறாமைப்படுகிறாளே என்று சிரிக்கலாம். பட்டேன். என் பக்கம் அந்தக் காது ஒரு நாளாவது அப்படிச் சாய்ந்திருந்தால் பட்டிருக்க மாட்டேன்.

அந்த வண்டிக்கு அவர் செய்த சேவையைச் சொல்லி முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, செயினுக்கு எண்ணெய் விட்டு, பின்சக்கரத்தின் நட்டைத் தளர்த்தி, செயினை நன்றாக இழுத்து டைட் வைப்பார். மெக்கானிக்கைக்கூடச் செயினைத் தொட விடமாட்டார். அதன் பிறகுதான் குளியல், திருவந்திபுரம் கோயில், எல்லாம்.

அப்படிக் கோயிலுக்குப் போன ஒரு ஞாயிறுதான் அவர் கண்டுபிடித்தார். நான் வழக்கம்போல ஒரு பக்கமாக உட்கார்ந்து, மடியில் பூக்கூடையை வைத்திருந்தேன். வழி முழுக்க ஊளை. கோயில் வாசலில் வண்டியை நிறுத்தியதும் திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

"நீ உக்காந்தாதான் இந்தச் சத்தமே வருது. ஒன் வெயிட்ட கியர் தாங்கல போல."

அவர் வண்டியைப் பற்றித்தான் பேசினார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதாகக்கூட அவருக்குத் தெரியாது. சாமி முன்னால் நின்றபோதும் எனக்கு அதே நினைப்பு. பிள்ளை பெற்ற பிறகு பூசினாற்போல் ஆகிவிட்டேன் என்பது எனக்குத் தெரியாதா? அதை ஒரு கியர் வந்து சொல்ல வேண்டுமா? அன்றிலிருந்து ராத்திரி சோற்றை நிறுத்தினேன். புடவைக் கொசுவத்தில் ஒரு மடிப்பு கூடியது. சத்தம் மட்டும் குறையவில்லை.

அவர் சொன்னது பொய் என்று நிரூபிக்கத்தான் தினமும் காலையில் கேட்டருகே நின்று கேட்க ஆரம்பித்தேன். வண்டி தெருமுனை திரும்பி, மெயின் ரோட்டில் வேகம் எடுத்து மறைகிற வரைக்கும் கேட்பேன். ஊளை இல்லை. சாயந்திரம் திரும்பி வரும்போதும் இல்லை. என் கெட்ட நேரம், அவர் சொன்னது நிஜம்தான். தனியாகப் போனால் வண்டி வாயைத் திறக்கவில்லை, பின்னால் நான் ஏறினால்தான் கத்தியது.

செம்மண்டலத்தில் அவருடைய மெக்கானிக் ஒருவர் இருந்தார். ஆயிலை மாற்றிப் பார்த்தார், பிரயோஜனம் இல்லை. ஒரு சனிக்கிழமை பண்ருட்டியில் ஒரு கல்யாண வரவேற்புக்குக் கிளம்பினோம். மகனை என் அம்மாவிடம் விட்டிருந்தோம். வழியில் மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று இவர் வண்டியை நிறுத்தினார். பட்டுப் புடவையோடு நான் கடை ஓரமாக நின்றேன்.

"கியர் பல்லு தேஞ்சிருக்கும் சார். இன்ஜின எறக்கிப் பாத்துடலாம்" என்றார் மெக்கானிக். "எப்ப எப்ப வருது?"

"வரும், போகும். நேத்து காலையில வரல. சாயந்திரம் சிதம்பரத்துல வண்டி கேட் ஸ்டாப்பத் தாண்டுறப்ப ரொம்ப ஜாஸ்தி."

நேற்று சாயந்திரம் நான் மஞ்சக்குப்பத்தில் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். அப்படியானால் சிதம்பரத்தில் வண்டி யாருக்காகக் கத்தியது?

வாயை மூடிக்கொண்டிருந்தால் மெக்கானிக் இன்ஜினை இறக்கிவிடுவார். வண்டி இங்கே பல்லிளித்துக் கிடக்கும், எவளும் அதில் ஏற முடியாது. ஒரு நிமிஷம் அந்த எண்ணம் இனித்தது. ஆனால் ஏறியது யார் என்று எனக்குத் தெரியாமலே போய்விடுமே.

"கியரெல்லாம் இல்ல தம்பி" என்றேன். "இவரு தனியா போனா வரல. பின்னாடி ஆளு உக்காந்தாதான் வருது." ஆளு என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன். இவர் வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

மெக்கானிக் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்படியா? செத்த ரெண்டு பேரும் ஏறி உக்காருங்கக்கா."

ஏறினோம். செயின் கவரில் இருந்த ரப்பர் மூடியைக் கழற்றி விரலை விட்டார். "அய்யய்ய. செயின் கம்பி மாதிரி நிக்குது சார். ஸ்டாண்டு போட்டா டைட் வச்சீங்க? சக்கரம் தொங்குறப்ப சரியாத்தான் தெரியும். பின்னாடியும் ஆளு ஏறுனா வண்டி அமுங்கி செயின் இன்னும் இழுக்கும்ல, அதான் கத்துது."

மெக்கானிக் செயினைத் தளர்த்தி, மறுபடியும் எங்களை உட்காரவைத்து விரலால் பார்த்துவிட்டு, போய் வாருங்கள் என்றார்.

நெல்லிக்குப்பம் ரோட்டில் மூன்றாவது கியர், நான்காவது கியர். சத்தமே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்த வண்டி அவ்வளவு அமைதியாக ஓடியதில்லை. இனி அதில் யார் ஏறினாலும் எனக்குச் சொல்ல ஒரு சத்தம் இல்லை. இப்போது கேட்டால்தான் உண்டு.

"மாமா, நேத்து சாயந்திரம் பின்னாடி யாரு?"

"ஆபீஸ்ல புதுசா வந்திருக்காங்கள்ல ஒரு மேடம், அவுங்கதான். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் விட்டேன்." ஒளிவுமறைவு இல்லாத குரல். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

"அடிக்கடியா?"

"மழ வந்தா, லேட்டானா."

"அவுங்களுக்குச் சத்தம் கேக்கலியா?"

"கேட்டுச்சு. பாவம், தன்னாலதானோன்னு பயந்துட்டாங்க. ஏறங்கி நடந்துக்குறேன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பழைய வண்டி மேடம், அது அப்படித்தான் கத்தும், நீங்க உக்காருங்கன்னேன்."

அந்த அம்மாவை ஏற்றிக்கொண்டு போனதைக்கூட நான் ஒருவாறு பொறுத்திருப்பேன். ஆனால் பின்னால் இருப்பவள் மனம் நோகாமல் அந்தச் சத்தத்துக்கு ஒரு காரணம் சொல்ல இந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. நான் உட்கார்ந்திருந்தபோதுதான் அது தோன்றவில்லை.