பேர் வெட்டிய தட்டுகள்

நேற்று சூரமங்கலத்துப் பாத்திரக் கடையில் தூக்குப்போசி ஒன்றுக்குப் பேர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ‘டர்ர்ர்’ சத்தம் காதில் விழுந்ததும் வாங்க வந்ததை மறந்து நின்றுவிட்டேன்.

எனக்கு எழுத்து பழக்கமானதே தட்டுகளில்தான். கல்லூரிப் பெண்கள் விடுதியில் பதினெட்டு வருஷம் சமைத்தவள் நான். பிள்ளைகள் வீட்டிலிருந்து பேர் வெட்டிய எவர்சில்வர் தட்டு கொண்டுவருவார்கள். அடுக்கும்போது எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ‘ஜெயலட்சுமி’யைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். ரேஷன் கார்டில் என் பேரைத்தான் தேட வேண்டியிருக்கும்.

வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறவள் தட்டை விட்டுப் போனால் திரும்பி வருவாள். துணியில் சுற்றிப் பையில் வைத்தால், படிப்பு அவ்வளவுதான். இது வார்டனம்மாவுக்கே நான் சொல்லித்தான் தெரியும்.

கொல்லிமலைச் செல்வி, அவர்கள் வீட்டிலேயே முதல்முதலாகக் கல்லூரிக்கு வந்தவள். மூன்றாவது வெள்ளிக்கிழமையே தட்டைத் துடைத்துத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“ஏஞ்சாமி, தட்டு எதுக்கு?”

“சும்மாதாங்க்கா. போயிட்டு வாரேன்.”

“திரும்பி வாரவளுக்குத் தட்டு என்னத்துக்கு? கொண்டா இங்க.”

அழுதுவிட்டாள். “எல்லாம் இங்கிலீசுலயே சொல்றாங்கக்கா. ஒண்ணும் ஏறல.”

“எனக்குத் தமிழே ஏறல, நூறு பேருக்குச் சோறாக்கலையா?” என்று தட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். பெரிய ஆறுதல் சொல்லிவிட்ட நினைப்பு எனக்கு!

திங்கட்கிழமை வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டு ஏச்சு வாங்கினேன். புதன்கிழமை மத்தியானம் அவள் அம்மா மகளை இழுத்துக்கொண்டு வந்து சமையல்கட்டு வாசலில் நின்றார்.

“எங்கண்ணன் சீரு வெச்ச தட்டுங்க. உட்டுட்டு வந்துட்டா. குடுத்துருங்க, போறோம்.”

கொடுத்தேன். சூடாகச் சோறு போட்டு, குழம்பு ஊற்றித்தான் கொடுத்தேன். சோறு இருக்கிற தட்டை எப்படித் தூக்கிப் போவது? செல்வி உட்கார்ந்தாள். பக்கத்தில் அவள் வகுப்புக்காரி ஜெயலட்சுமி வந்து உட்கார்ந்தாள்.

“எங்கடி போன? எனக்கும்தான் ஒரு எழவும் புரியல. ரெண்டு பேருஞ் சேந்து பெயிலாகலாம்னு பாத்தா, என்னைய உட்டுட்டு ஓடிட்டியே!”

செல்விக்குச் சிரிப்பில் புரை ஏறியது. தலையில் தட்டிவிட்ட அந்த அம்மா, மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டு முடித்ததும் தட்டை அவரே வாங்கிக் கழுவினார். பையில் வைக்கவில்லை. அடுக்கின் மேல் கவிழ்த்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார். மூன்று வருஷமும் அது அங்கேயே இருந்தது.

போன மாசம் விடுதிப் பக்கம் போயிருந்தேன். எல்லாருக்கும் அங்கேயே குழித்தட்டு கொடுக்கிறார்கள். பிள்ளைகள் சுமக்க வேண்டியதில்லை, நல்லதுதான். எதிலும் பேர் இல்லை. வெள்ளிக்கிழமை எவள் ஒரேயடியாகப் போனாலும், தட்டெல்லாம் அடுக்கில் அப்படியே இருக்கும்.