இடுப்பளவு தண்ணீர்

இது நூற்றுக்கு நூறு நடந்தது. ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தவர், 'பயணத் திலகம்' என்று அழைக்கப்படும் எழுத்தாளர். அந்தப் பட்டத்தை அவருக்கு முதலில் வழங்கியது அவருடைய சொந்த விசிட்டிங் கார்டு. இருபத்தொரு கடலோர ஊர்களைப் பற்றி அவர் எழுதிய கையேட்டில், கடலைக் கண்ணால் பார்த்துவிட்டு எழுதியவை பதினாறு. எனவே சத்தியத்தை அதற்குத் தக்கபடி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சொல்லும்போது அவர் சட்டைக் கையை மணிக்கட்டுக்குக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார். அதில் நடிப்பில்லை.

மீதி ஐந்தில் ஒன்றுதான் இந்த ஊர். வெள்ளை மணல், மரத்தோப்பு, இடிந்த கோட்டை, கோட்டைக்குள் ஒரு சின்ன அருங்காட்சியகம். நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் எழுதியிருந்தார்: 'கோட்டைக்குப் பின்னாலுள்ள கடல் பரம சாது. நூறு அடி உள்ளே நடந்தாலும் இடுப்பளவு தண்ணீர்தான்.' இரண்டாம் பதிப்புக்குப் புதுப் படங்கள் வேண்டும் என்று பதிப்பாளர் கேட்டதால், மனைவியோடு வந்து இறங்கினார்.

விடுதிக்காரம்மா சாவியை நீட்டும்போது மேசைமேல் இருந்த கையேட்டைப் பார்த்தாள்.

"இதை எழுதினது நீங்களா?"

"அடியேன்தான்." கையெழுத்துக்காகப் பேனாவைத் திறந்தார்.

"பேனாவை மூடுங்க. ரெண்டு மணிக்கு மேல கடல் பக்கம் போகாதீங்க. காலையில ரூமைக் காலி பண்ணிடுங்க."

"ஏம்மா?"

அவள் கையேட்டை இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குவதுபோலத் தூக்கி அவரிடம் தள்ளினாள். எதிர் டீக்கடையில் பால் இல்லை என்றார்கள். பால் பொங்கிக்கொண்டிருந்தது.

"உங்க புகழ் இங்கேயும் வந்து சேர்ந்திருக்கு போல," என்றாள் மனைவி. அவளுக்குத் தலைவலி. படுத்துவிட்டாள்.

மத்தியானம் 2:10. அருங்காட்சியகத்தில் அவர் மட்டும் நின்றிருந்தார். துருப்பிடித்த நங்கூரம், வாய் பிளந்த பீரங்கி, அதைவிட அகலமாகக் கொட்டாவி விடும் காவலாளி. எங்கிருந்தோ ஒரு சத்தம். சொட்... சொட்... வெளியே வெயில் கொளுத்துகிறது. கூரை உலர்ந்துகிடக்கிறது.

திரும்பினார். பின்னால் ஒருவன். முப்பது வயதிருக்கும். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. கையில் அவருடைய கையேடு, ஊறி இரண்டு மடங்கு பருத்து.

"சார்தானே எழுதினது? பின்னட்டையில படம் பார்த்தேன்."

வாசகர்! திலகத்தின் நெஞ்சு தானாக நிமிர்ந்தது.

"நாற்பத்து மூணாம் பக்கம் சார். இடம் சரியாத் தெரியல. வந்து காட்டுங்களேன்."

'எனக்கும் தெரியாது' என்று சொல்லியிருக்கலாம். முப்பது வருஷமாக அந்தச் சொல் அவர் வாயில் வந்ததில்லை.

"அதுக்கென்ன தம்பி, வாங்க."

2:25. கோட்டையின் பின்வாசல். மணலில் அவர் செருப்புத் தடம் பதிந்தது. பக்கத்தில் நடந்தவனுக்குத் தடமே இல்லை. ஈரம் மட்டும், வட்டம் வட்டமாக...

"இங்கேதானே சார்?"

"இன்னும்... கொஞ்சம் உள்ளே."

கணுக்கால். முழங்கால். அலைச் சத்தம் எப்போது நின்றது? சொட்... சொட்... அது மட்டும் கேட்டது. அவர் காதுக்குள்.

"இடுப்பளவு வந்தாச்சு சார்."

"நான்தான் எழுதியிருக்கேனே..."

"இன்னும் எண்பது அடி இருக்கு. வாங்க."

மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. ஊறிச் சுருங்கிய விரல்கள்.

அடுத்த அடியில் தரை இல்லை.

மார்பு...

கழுத்து...

"சொல்லுங்க சார். எவ்வளவு ஆழம்?"

"தெரியாது!"

பிடி இறுகியது.

"தெரியாதுப்பா! நான் கடற்கரைக்கே வரல! வயித்துப்போக்கு... ரெண்டு நாளும் பஸ் ஸ்டாண்டு கக்கூஸ்லயே கிடந்தேன்! அந்த வரியை எடுத்துடறேன்! சத்தியமா எடுத்துடறேன்!"

கை விட்டது.

2:41க்குக் காவலாளி அவரைக் கரையில் இழுத்துப் போட்டான்.

"அந்த ஆளு... அந்த ஆளு எங்கே?"

"எந்த ஆளு? நீங்க தனியாத்தான் பேசிக்கிட்டே இறங்கினீங்க. கூப்பிடக் கூப்பிடக் காதுல வாங்கல. கக்கூஸ் கக்கூஸ்னு மட்டும் கத்தினீங்க சார்."

அன்று மாலை விடுதிக்காரம்மா மனைவியிடம் சொன்னாள். நாலு வருஷத்துக்கு முன்னால், இதே அறையில் தங்கிய ஒருவன், மத்தியானம் இரண்டு மணிக்குமேல் கையேட்டைப் பிரித்துப் பார்த்துப் பார்த்துக் கோட்டைக்குப் பின்னால் இறங்கியிருக்கிறான். மூன்றாம் நாள் உடம்பு ஒதுங்கியது. விரல்களைப் பிரிக்க முடியவில்லை. புத்தகத்தோடே புதைத்தார்கள்.

திலகம் இப்போதெல்லாம் முழுக்கைச் சட்டைதான் போடுகிறார். மணிக்கட்டில் ஐந்து விரல் தடம் இன்னும் நீலமாக இருக்கிறது.

போன மாதம் இரண்டாம் பதிப்பு வந்தது. வரியை எடுத்தால் ஏன் என்று பதிப்பாளர் கேட்பார். பின்னட்டையில் ஆசிரியர் படம் புதிது. நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் மாற்றம் எதுவும் இல்லை.