சித்தப்பாவின் கையில் வந்த சாமி

போன மாதம் அப்பாவைச் சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். கை நடுக்கம். பார்க்கின்சன் நோய் என்றார் டாக்டரம்மா. மருந்து எழுதிவிட்டு அப்பாவிடம் நேராகக் கேட்டார்: “ஐயா, இனிமே உயிரோட இருந்து என்னான்னு எப்பவாச்சும் தோணுதா?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வயசானவரிடம் கேட்கிற கேள்வியா இது? அப்பா அழ ஆரம்பித்தார். இந்த நோய் கையை மட்டுமல்ல, மனத்தையும் பிடிக்கும், அதற்கும் மருந்து இருக்கிறது என்று டாக்டரம்மா அவரிடம் பொறுமையாகச் சொன்னார். என் கோபம் அவரை விட்டு வேறு பக்கம் திரும்பியது.

அப்பாவின் தம்பியிடம் இதை யாரும் கேட்கவில்லை. கேட்காமலே அவர் சொன்னார். தோட்டமே நின்று கேட்டது. நானும் கேட்டேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

பெடாஸ் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டம். சித்தப்பா பால்மரம் வெட்டினார், பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. கல்யாணம் ஆகவில்லை, தொழிலாளர் லயத்தின் கடைசி வீட்டில் தனியாக இருந்தார். கை நடுங்கத் தொடங்கியதும் கத்தி பட்டையைத் தாண்டி மரத்தில் இறங்கியது. மேற்பார்வை பார்க்கும் மண்டோர் அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். குடித்தே கையைக் கெடுத்துக்கொண்டான் என்று லயம் பேசியது. அவர் தண்ணீரைத் தவிர எதையும் குடித்து நான் பார்த்ததில்லை. முகத்தில் சிரிப்பு போய்விட்டது. காலை இழுத்து இழுத்து நடந்தார். அவரிடம் பேச்சுக் கொடுக்க யாரும் வரவில்லை. அம்மா கொடுத்தனுப்பும் சோற்றை வாசலில் வைத்துவிட்டு நானும் ஓடி வந்துவிடுவேன்.

அந்த வருடம் மாரியம்மன் திருவிழாவில் அவர் கூட்டத்தின் பின்னால் நின்றார். உறுமி அடித்தார்கள். அவர் கை வழக்கம்போல் நடுங்கியது. யாரோ “சாமி வந்துருச்சு!” என்று கத்தினார்கள். அவ்வளவுதான். முன்னால் இழுத்து வந்து மாலை போட்டு, கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். ஒரு வருடமாக அவரிடம் பேசாதவர்கள் காலில் விழுந்தார்கள்.

“தாயி, என்னா கொறை வச்சோம்? சொல்லு!”

சித்தப்பா எல்லோரையும் பார்த்தார். மெல்லிய குரலில், “எனக்கு இருக்கவே புடிக்கல” என்றார்.

கோயில் தலைவர் துள்ளிக் குதித்தார். “கேட்டீங்களா? அம்மாவுக்கு இந்த எடத்துல இருக்கப் புடிக்கல! கோயில பாரோய்க்கு மாத்துவோம்னு அப்பவே சொன்னேன்லா!”

“பாரோய்ல உங்க மச்சான் நெலத்துக்குப் பக்கத்துலயா தலைவரே?” என்று ஒருவர் கேட்க, சண்டை பிடித்துக்கொண்டது.

“அம்மா இல்ல. நாந்தான் சொல்றேன்” என்றார் சித்தப்பா. உறுமிச் சத்தத்தில் அது பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் கேட்டது.

சாமியை இறக்க அவர் உள்ளங்கையில் சூடம் கொளுத்தினார்கள். சூடம் அணைந்தும் நடுக்கம் நிற்கவில்லை. அப்போது அவர் என் கையை எட்டிப் பிடித்தார். இறுக்கிப் பிடித்ததும் நடுக்கம் நின்றுவிட்டது. எனக்கு ஒரே ஆச்சரியம்.

“கொஞ்ச நேரம் விடாம புடிச்சுக்கம்மா.”

“ஏய், சாமிய தொடாதடி!” என்று அம்மா என்னை இழுத்தார். நான் கையை விட்டுவிட்டேன்.

திருவிழா முடிந்த பத்தாம் நாள் சித்தப்பா தன் உயிரை முடித்துக்கொண்டார். அம்மன் எடுத்துக்கொண்டாள் என்றார்கள். கோயில் பாரோய்க்குப் போனது. இன்றும் அவர் சொன்ன குறியால்தான் மாறியது என்று அங்கே கதை சொல்கிறார்கள். வெட்கம் கெட்டவர்கள்.

என்னை மட்டும் விட்டுவிட முடியுமா? நடுங்கிய சாமியின் கையைப் பிடித்து நிறுத்தியவள் நான் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் பீற்றிக்கொண்டேன். அது சித்தப்பாவின் கை என்று எனக்குத் தெரியவில்லை.