சாம்பல் மூடிக் குழாய்

எங்கள் ஆய்வகத்தில் அவருக்கு முடியாதக்கா என்று பெயர். நாங்கள் வைத்ததுதான். இருபத்திரண்டு வருடமாக மைக்ராஸ்கோப்பே கதி என்று கிடப்பவர். மனதுக்கு ஒப்பாத முடிவுக்குக் கீழே கையெழுத்துக் கேட்டால் "முடியாது" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. வீட்டுக்காரரிடமும் அப்படித்தானாம், பாவம் மனிதர்.

அன்று ஒரு பேருந்து ஓட்டுநரின் முழங்கால் நீர் வந்தது. மூட்டு பூசணிக்காயாய் வீங்கி, தொட்டாலே அலறுகிறாராம். நீரில் யூரிக் அமிலப் படிகம் இருந்தால் அது கவுட் என்கிற மூட்டுவாதம். மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடலாம். கிருமி என்றால் அதே ஊசி மூட்டை ஒரேயடியாகக் கெடுத்துவிடும். எலும்பு டாக்டர் கவுட் என்று முன்பே முடிவுகட்டி, ஊசியையும் எடுத்து வைத்துவிட்டார்.

நான்தான் முதலில் பார்த்தேன். படிகங்கள் மின்னின. "இருக்குக்கா, கவுட்தான்" என்றேன். அக்கா குனிந்து, கண்ணாடித் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கவுட் படிகம் ஊசியாய் மெலிந்திருக்கும். திருப்பினால் மஞ்சள் நீலமாகும். இவை அந்த வழிக்கே வரவில்லை. பிறகு குழாயை எடுத்துப் பார்த்தவர் என்னை முறைத்தார். சாம்பல் மூடி! சர்க்கரைப் பரிசோதனைக்கு இரத்தம் பிடிக்கும் குழாய் அது. உள்ளே இருக்கும் உப்பே மூட்டு நீரோடு சேர்ந்து படிகம் கட்டும். மூடியைக்கூடப் பார்க்காத என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

டாக்டர் போனில் எகிறினார். "படிகம் இருக்கா இல்லையா? அதை மட்டும் எழுதி அனுப்பும்மா."

"முடியாது டாக்டர். இது குழாய் பண்ணின படிகம். உப்பு போடாத வெறும் குழாய்ல புதுசா எடுத்துக் குடுங்க."

"நீ டாக்டரா, நான் டாக்டரா?"

"நீங்கதான். அதனாலதான் உங்ககிட்ட கேக்கறேன்."

போனை வைத்துவிட்டு, வெறும் குழாயோடு மாடியேறி ஓட்டுநரின் கட்டிலருகே போய் நின்றுகொண்டார். "புது ரிசல்ட் வர்ற வரைக்கும் அந்த ஊசியைப் போட்டுக்காதீங்க" என்று அவரிடமே சொல்லிவிட்டார். டாக்டர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஓட்டுநரோ போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார். வேறு வழியில்லாமல் டாக்டர் மறுபடி நீர் எடுத்துக் கொடுத்தார்.

புதிய நீரில் ஒரு படிகம்கூட இல்லை. சாயம் ஏற்றிப் பார்த்தால் கொத்துக்கொத்தாகக் கிருமி. அன்றே மூட்டைத் திறந்து கழுவினார்கள்.

பத்தாம் நாள் ரிப்போர்ட் கொடுக்க அக்காவும் நானும் வார்டுக்குப் போனோம். ஓட்டுநர் முழங்காலை மடக்கி நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். சுற்றி நின்ற மாணவர்களிடம் டாக்டர் சொன்னார்: "நல்லவேளை, கிருமின்னு சீக்கிரமே கண்டுபிடிச்சோம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனால் வாய் வரவில்லை. அக்காவுக்கு வந்தது.

"கண்டுபிடிச்சோம் இல்ல டாக்டர், கண்டுபிடிச்சேன். நீங்க ஊசி போடப் போனீங்க."