அண்ணியின் அன்னாசிப் பச்சடி

அப்பாவின் தட்டில், ரசம் சாதத்துக்குப் பக்கத்தில், பொரியல் இருக்க வேண்டிய இடத்தில் கொய்யாத் துண்டுகள் இருந்தன. நன்றாகப் பழுக்காத, செங்காயாக இருக்கும்போதே நறுக்கிய கொய்யா. மெல்லிசாக அரிந்த சின்ன வெங்காயம், உப்பு, இடித்த மிளகு, மேலே எலுமிச்சை பிழிந்திருந்தது. அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் ரயில்வேயில் கார்டாக இருந்தவர். எதையும் சரிபார்க்காமல் பச்சைக் கொடி காட்டிவிட மாட்டார். "பழம் சாப்பிட்டு முடிச்சப்புறம்தானேம்மா?" என்றார் மெதுவாக. "இது பழம் இல்ல மாமா, தொட்டுக்க" என்றார் அண்ணி. கல்யாணம் முடிந்து அவர் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வாரம் அது. அண்ணன் சிரித்தான். நான் ஒரு துண்டை எடுத்து ரசம் சாதத்தோடு வாயில் போட்டேன். அப்படியொரு ருசி அதில் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம். கிழக்குத் தாம்பரத்தில், கேம்ப் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் வீடு. அம்மா இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அதுவரை மூன்று ஆண்களும் மெஸ் கேரியரில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அண்ணனுக்குப் பெண் பார்த்தபோது, வீட்டில் இனி அடுப்பு எரியும் என்று உறவுக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். வந்த அண்ணிக்கோ அடுப்பு என்றால் பயம். பத்து வயதில் பம்ப் ஸ்டவ் வெடித்து, இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கிப் போயிருந்தது. அதை மறைக்க எப்போதும் நீளக் கை வைத்த ரவிக்கைதான் போடுவார். பல்லாவரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சோறு கரண்ட் குக்கரில் ஆகிவிடும். மற்றதற்குக் கேஸ் அடுப்பைப் பற்றவைத்தே ஆக வேண்டும்.

ஒருநாள் காலை அப்பா சமையலறை வாசலில் நின்று பார்த்திருக்கிறார். அண்ணி முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, கையை எட்டும் மட்டும் நீட்டி, தீக்குச்சியைக் கிட்டே கொண்டுபோவதும் பின்வாங்குவதுமாக இருந்தாராம். அப்பா உள்ளே போனார். தீப்பெட்டியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இனிமே அடுப்பு என் டிபார்ட்மென்ட். நறுக்குறது உன் டிபார்ட்மென்ட்." அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சமையல் அப்படித்தான் நடந்தது. அப்பா ஒரு குழம்போ ரசமோ வைப்பார். உப்பு முன்னே பின்னே இருக்கும். தட்டில் மற்றதெல்லாம் அண்ணியின் கை.

அந்தக் கை எவ்வளவு சுலபமாகச் செய்தது என்பதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம்தான். கிளிமூக்கு மாங்காயையும் கேரட்டையும் துருவி, ஊறிய பாசிப்பருப்போடு கலந்தால் ஒன்று. பப்பாளியை விரல் நீளத்துக்கு வெட்டி, மிளகாய்த்தூளும் உப்பும் தூவினால் இன்னொன்று. பன்னீர் திராட்சையைக் குறுக்கே நறுக்கி, விதையை ஊசி முனையால் எடுத்துவிட்டுத் தயிர் சாதத்தில் போடுவார். கோடையில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் தர்பூசணி மலைபோலக் குவிந்திருக்கும்போது சிவப்பெல்லாம் புதினாவோடு கிண்ணத்துக்குப் போகும், தோலை ஒட்டிய வெள்ளைப் பகுதி கூட்டு வைக்க அப்பாவின் அடுப்புக்குப் போகும். ஸ்டேஷன் வாசலில் கூடை வைத்திருந்த பழக்கார அம்மா அண்ணியைத் தூரத்தில் கண்டதுமே குரல் கொடுப்பார்: "இன்னா டீச்சர், கண்டுக்காம போய்க்கினே கீறியே! படப்பை கொய்யா வந்துக்கீது பாரு, உனக்குன்னு செங்காயா எட்த்து வெச்சுக்கீறேன்!"

எல்லாவற்றுக்கும் மேலே அன்னாசிப் பச்சடி. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததும் அண்ணி அன்னாசியின் கண்களை ஒவ்வொன்றாக நோண்டி எடுத்துப் பொடியாக நறுக்கி, உப்புப் போட்டுப் பிசிறி வைப்பார். கெட்டித் தயிரில் பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் தனியே காத்திருக்கும். இரண்டையும் உட்காரும்போதுதான் கலப்பார். "முன்னாடியே கலந்தா தயிர் கசந்துடும் தம்பி. பசிக்குதுன்னு அவசரப்படக் கூடாது." பிறகு உள்ளே திரும்பி, "மாமா, ஒரு தாளிப்பு!" என்பார். அப்பா கரண்டியில் கடுகும் கறிவேப்பிலையும் பொரியப் பொரிய, ரயிலுக்குக் கொடி காட்டும் தோரணையில் தூக்கிக்கொண்டு வருவார். பச்சடியில் அது விழும் சத்தத்துக்குப் பிறகுதான் ஜெபம், சாப்பாடு. கொய்யாவைச் சந்தேகமாகப் பார்த்த மனிதர் ஒரே வருஷத்தில் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் ஆளாக மாறியிருந்தார்.

அண்ணன் இரண்டாயிரத்து நாலில் மஸ்கட்டுக்குப் போனான். இரண்டு வருஷம் சம்பாதித்துக்கொண்டு திரும்பிவிடுவதாகப் பேச்சு. முதலில் வாரம் தவறாமல் போன் வந்தது. பிறகு மாதம் ஒன்றானது. அடுத்த வருஷம் செப்டம்பரில், கிண்டியில் வேலை முடிந்து வரும் வழியில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து மெயிலைத் திறந்தேன். அண்ணன் எனக்கு மட்டும் எழுதியிருந்தான். அங்கே ஒரு பெண்ணோடு பழக்கம் ஏற்பட்டிருக்கிறது, இனித் திரும்ப முடியாது, கிறிஸ்துமஸுக்கு வந்து நானே நேரில் சொல்லிக்கொள்கிறேன், அதுவரை அப்பாவுக்கும் அவளுக்கும் தெரிய வேண்டாம், நீ என் தம்பி. கடைசி வரியை மட்டும் பலமுறை படித்தேன். பிறகு வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். என் தட்டில் மாங்காய்த் துருவல் இருந்தது.

மூன்று மாதம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் மனம் மாறலாம், அப்பாவுக்கு ரத்த அழுத்தம், கட்டியவன் சொல்ல வேண்டியதை நான் ஏன் சொல்ல வேண்டும் என்று தினமும் எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அக்டோபரில் அண்ணி கிறிஸ்துமஸ் கேக்குக்காக ஒரு பெரிய கண்ணாடி ஜாடியில் உலர்ந்த திராட்சை, பேரீச்சை, ஆரஞ்சுத் தோல், செர்ரி எல்லாவற்றையும் நறுக்கித் திராட்சை ரசத்தில் ஊறப்போட்டார். வாரா வாரம் ஜாடியைத் திறந்து மரக்கரண்டியால் கிளறுவார். "உங்க அண்ணன் வர்றப்ப சரியா இருக்கும். மோந்து பாருங்க" என்று நீட்டுவார். நானும் முகர்ந்து பார்த்து, நன்றாக இருக்கிறது என்பேன்.

டிசம்பர் நடுவில் அண்ணன் போன் செய்தான். வரவில்லை, போனிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். கூடத்தில் நின்று ரிசீவரைப் பிடித்திருந்த அண்ணி, "சரி", "சரி", "சரி" என்று மூன்று தடவை சொன்னார். பிறகு ரிசீவரை அப்பாவிடம் நீட்டினார். அப்பா வாங்கிக் காதில் வைத்துக் கேட்டார். ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார். "நீ இந்த வீட்டுக்கு வராத."

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்ட அண்ணி ஜாடியை இறக்கினார். மாவு கலந்தார். கேக் தட்டுகளைத் துணியால் மூடி, பேக்கரியில் கொடுத்துச் சுட்டு வாங்கிவரச் சொல்லி என்னிடம் தந்தார். "இப்ப எதுக்கு அண்ணி?" என்றேன். "பழம் என்ன தப்பு பண்ணுச்சு தம்பி? அது பாட்டுக்கு ஊறிக்கிட்டு இருந்துச்சு" என்றார். அந்தக் கேக்கைத் தெரு முழுக்கக் கொடுத்தார். எங்கள் வீட்டில் யாரும் தொடவில்லை.

அப்பா அவரைப் போக விடவில்லை. "போறவன்தான் போகணும். நீ எதுக்குப் போற?" என்றார். ஏழெட்டு மாதம் அண்ணி எங்களோடுதான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை அன்னாசிப் பச்சடியும் நிற்கவில்லை. அப்புறம் முடிச்சூரிலிருந்து சித்தி வந்தார், அம்மாவின் தங்கை. உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, அண்ணி காதில் விழும்படியே அப்பாவிடம் சொன்னார்: "அத்தான், கல்யாணம் ஆகாத பையன் இருக்கிற வீடு. கோயில்ல நாலு பேர் நாலு விதமா பேசுறாங்க. நாளைக்கு இவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா?" அப்பா எழுந்து, "நீ கிளம்பு" என்று சித்தியிடம் சொன்னார். ஆனால் அந்த வாரக் கடைசியில் கிளம்பியது அண்ணிதான். கீழ்க்கட்டளையில் அவருடைய அம்மா வீடு. இரண்டு பெட்டியும் ஒரு கரண்ட் குக்கரும் ஆட்டோவில் ஏறின. தீப்பெட்டி கனத்த சட்டைப் பையோடு அப்பா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தாம்பரத்துக்கும் கீழ்க்கட்டளைக்கும் என்ன தூரம்! பல்லாவரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ ஏறினால் மொத்தம் ஒரு மணி நேரம் ஆகாது. நான் தினமும் ரயிலில் பல்லாவரத்தைத் தாண்டித்தான் கிண்டிக்குப் போனேன். ஒருநாளும் இறங்கவில்லை. என்ன முகத்தோடு போவது? கோர்ட்டில் எல்லாம் முடிந்து கையெழுத்தும் ஆனபிறகு, அவர் எனக்கு அண்ணியா என்பதுகூடத் தெரியவில்லை. பல்லாவரம் நெருங்கும்போது ஜன்னல் பக்கம் இருந்தால் எழுந்து உள்ளே நகர்ந்துகொள்வேன். பிளாட்பாரத்தில் நீளக் கை ரவிக்கை கண்ணில் பட்டுவிடுமோ என்ற பயம். பட்டுவிடாதா என்ற ஏக்கமும்தான்.

இரண்டாயிரத்து எட்டில் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். அண்ணன் வந்தான், நாலு நாள் இருந்தான், போனான். அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் கூட்டத்துக்குப் பின்னால் அண்ணி நின்றிருந்தார். எல்லாரும் கலைந்த பிறகு கிட்டே வந்தார். அழுது முகம் வீங்கியிருந்தது. "போன சனிக்கிழமைகூட நல்லா சாப்பிட்டாரே தம்பி" என்றார். எனக்குப் புரியவில்லை. மாதத்தின் முதல் சனிக்கிழமை பென்ஷன்காரர் கூட்டம் என்று சொல்லி அப்பா வெளியே போவது வழக்கம். அந்தக் கூட்டம் கீழ்க்கட்டளையில் நடந்திருக்கிறது. கிட்டத்தட்ட இரண்டு வருஷமாக, ஒரு கையில் அன்னாசியோடு. போய் அண்ணிக்கு அடுப்பைப் பற்றவைத்துக் கொடுத்து, தாளித்து, சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். "உங்களையும் ஒருநாள் கூட்டிட்டு வருவாருன்னு நெனச்சு ஒரு தட்டு கூடுதலா எடுத்து வைப்பேன்" என்றார் அண்ணி.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை நான் பல்லாவரத்தில் இறங்கினேன். அண்ணி கதவைத் திறந்ததும் ஆச்சரியப்படவில்லை. "கை கழுவிட்டு வாங்க" என்றார். அடுப்பைப் பற்றவைத்தது நான்தான். கடுகு கொஞ்சம் கருகிவிட்டது. பச்சடியை ஒரு வாய் வைத்தேன். சொல்லிவிட்டேன். அண்ணன் மெயிலை, அந்த மூன்று மாதத்தை, ஜாடியை முகர்ந்து பார்த்ததை, எல்லாவற்றையும்.

அண்ணி கேட்டுக்கொண்டே இருந்தார். "தெரியும்" என்றார்.

"அண்ணன் சொன்னானா?"

"இல்ல. அந்த மூணு மாசமும் நீங்க எதையும் ரெண்டாவது தடவை கேட்டு வாங்கல. தட்டுல போட்டதையும் ஒதுக்கி வைச்சீங்க. ஏதோ சொல்ல முடியாம கஷ்டப்படுறீங்கன்னு தெரிஞ்சுது. நானா கேட்டிருக்கலாம். கேட்டா பதில் வந்துடுமேன்னு எனக்கும் பயம்." கரண்டியால் இன்னும் கொஞ்சம் பச்சடி எடுத்து என் தட்டில் போட்டார். "சாப்பிடுங்க. கசந்துடும்."

கிளம்பும்போதுதான் சொன்னார், ஜூனில் கோயம்புத்தூர் போவதாக. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. பல்லாவரத்தில் உடன் வேலை பார்த்து, முன்பே அங்கே போய்விட்ட ஒருவரோடு கல்யாணமும் பேசியிருக்கிறது, நல்ல மனிதர். போன வருஷமே அப்பாவிடம் சொல்லி ஆசி வாங்கியாயிற்று. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "வரேன்..." என்றவன் அதற்கு மேல் என்ன சொல்லி முடிப்பதென்று தெரியாமல் நின்றேன். அண்ணிக்குப் புரிந்துவிட்டது. "அண்ணின்னே கூப்பிடுங்க தம்பி. அது உங்க அண்ணன் குடுத்த பேரு இல்ல, நீங்க குடுத்தது" என்றார்.

கோயம்புத்தூரிலிருந்து இரண்டு கிறிஸ்துமஸ் கார்டுகள் வந்தன. பிறகு நான் வீடு மாறினேன், போன் நம்பர்கள் மாறின, தொடர்பு விட்டுப்போனது. தேடினால் கிடைக்காமலா போகும் என்று என் மனைவி சொல்கிறாள். அந்தப் புது வாழ்க்கையின் வாசலில் பழைய வீட்டின் ஆளாகப் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை.

அண்ணன் இப்போது வருஷத்துக்கு ஒருமுறை மஸ்கட்டிலிருந்து குடும்பத்தோடு வருகிறான். அவன் மனைவி நல்லவர். என் பிள்ளைகளிடம் உயிராக இருப்பார். அவரை நான் ஆரம்பத்திலிருந்தே அக்கா என்றுதான் அழைக்கிறேன். போன தடவை வந்தபோது, சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், "எல்லாரும் அண்ணின்னுதானே கூப்பிடுவாங்க, நீங்க மட்டும் ஏன் அக்கான்னு கூப்பிடுறீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அண்ணன் தட்டிலிருந்து நிமிரவில்லை.

"அப்படியே பழகிப்போச்சு அக்கா" என்றேன்.